“இதை அமுக்கு” என்றோம், எதை?



சென்ற மாதம் இந்தப் பக்கத்தில், இரவுப் பணி முடிந்து வருகிறவர்கள் பகலில் எப்படித் தூங்குவது என்று எழுதியிருந்தோம். இந்த மாதம் மருத்துவமனைக்கு வெளியே ஒரு விஷயம். கம்ப்யூட்டர் திரையில் நாம் செய்வதை வீடியோவாகப் பதிந்து இன்னொருவருக்கு அனுப்புகிறோம் அல்லவா? அந்த வீடியோவில் மவுஸின் அம்புக்குறி ஒழுங்காகத் தெரிகிறதா என்பதைப் பற்றித்தான் எழுதப்போகிறோம். “இதற்கு ஒரு கட்டுரையா?” என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்த அம்புக்குறி தெரியாமல் போனதால், இன்று நம் பாடகர் குழுவில் நிற்கும் ஒரு தங்கச்சி நான்கு மாதம் பிந்தித்தான் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தாள். தவறு எங்களுடையது. அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறோம்.

நாங்கள் மூன்று செவிலியர் ஒரே ஃபிளாட்டில் இருக்கிறோம். வீட்டில் இருப்பது ஒரே ஒரு பழைய லேப்டாப். அதில் விண்டோஸ் திறப்பதற்குள் டீ போட்டுக் குடித்துவிடலாம் என்ற நிலை வந்தபோது, ஆராதனையில் ஒலிபெருக்கி மேசையைக் கவனிக்கும் அண்ணன் ஒருவர் உபுண்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். லினக்ஸ் என்றதும் நமக்குச் சம்பந்தமில்லாதது என்று நினைக்க வேண்டாம். உங்கள் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடியில் ஓடுவதும் லினக்ஸ்தான். தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 முதல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அவற்றில் பலவற்றில் ‘பாஸ்’ என்ற லினக்ஸ் இருந்தது. அதைச் சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. ஊரில் உங்கள் அத்தை வீட்டு அலமாரியிலும் அப்படி ஒரு மடிக்கணினி தூங்கிக்கொண்டிருக்கலாம்.

கதைக்கு வருவோம். நாகர்கோவில் பக்கத்துத் தங்கச்சி அவள். பி.எஸ்சி. நர்சிங் முடித்து இரண்டு வருடம் வேலை பார்த்தபின், இங்கே ஒரு வேலைக்குத் தேர்வானாள். அமீரகத்தில் செவிலியராக வேலை பார்க்க உரிமம் வேண்டும். துபாய்க்கு துபாய் சுகாதார ஆணையம், அபுதாபிக்கு அங்குள்ள சுகாதாரத் துறை, வட எமிரேட்டுகளுக்குச் சுகாதார அமைச்சகம் என்று இடத்துக்கு ஒரு வாசல். சான்றிதழ்களைப் படித்த கல்லூரியிலேயே நேரடியாகக் கேட்டுச் சரிபார்ப்பார்கள். தேர்வும் உண்டு. விண்ணப்பம், கட்டணம் எல்லாம் இணையத்தில்தான். “அக்கா, அந்த ஃபாரத்தைப் பார்த்தாலே கை நடுங்குது. ஒரு தடவை காட்டித் தாங்களேன்” என்று கேட்டாள்.

இங்கிருந்து ஊருக்கு வாட்ஸ்அப்பில் மெசேஜ் போகும், வீடியோ போகும். கால் மட்டும் போகாது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. வேறு செயலியில் பேசலாம் என்றால், எங்களில் ஒருத்தி விழித்திருக்கும் நேரத்தில் அவள் டியூட்டியில் இருப்பாள். அதனால் திரையைப் பதிந்து அனுப்பிவிடுவோம், அவள் எத்தனை முறை வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கட்டும் என்று முடிவு செய்தோம். உபுண்டுவிலேயே இருக்கும் பதிவுக் கருவியைத் திறந்து, எங்கள் கணக்கில் நுழைந்து, பக்கம் பக்கமாக நிரப்பிக் காட்டினோம். அந்தக் கருவி குரலைப் பதியவில்லை. பரவாயில்லை என்று தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பினோம். “இப்ப இதை அமுக்கு. பட்டியல் வரும். அதுல இதை எடு. அப்புறம் கீழே அதை அமுக்கு.” பதினொரு நிமிட வீடியோ, ஏழு வாய்ஸ் மெசேஜ். நல்ல உதவி செய்துவிட்ட திருப்தியோடு நைட் டியூட்டிக்குக் கிளம்பினோம்.

கல்வித் தகுதி கேட்கும் இடத்தில் ஒரு பட்டியல் இறங்கும். டிப்ளமோ ஒரு வரி, அதற்கு அடுத்தது பட்டம். அவள் டிப்ளமோவை எடுத்துவிட்டாள். கட்டணமும் கட்டிவிட்டாள். அது அவள் அம்மா தள்ளி எடுத்த சீட்டுப் பணம். சில வாரம் கழித்து, சான்றிதழும் விண்ணப்பமும் ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கட்டிய பணம் வராது. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அவளோடு தேர்வானவர்கள் விமானம் ஏறிவிட்டார்கள்.

அவள் எங்களைக் குறை சொல்லவே இல்லை. நாங்கள்தான் துருவித் துருவிக் கேட்டோம். கடைசியில் சொன்னாள்: “அக்கா, நீங்க எதை அமுக்கினீங்கன்னே தெரியல. பட்டியல் தானா திறந்துச்சு, தானா மூடிச்சு. பேய் வந்து ஃபாரம் நிரப்புன மாதிரி இருந்துச்சு. எடுத்த பிறகு பெட்டில என்ன எழுத்து வந்துச்சுன்னு பார்த்தா, போன்ல படிக்கவே முடியல. நீங்க நைட் பார்த்துட்டு வந்திருப்பீங்க, திரும்பத் திரும்பக் கேட்கக் கூச்சமா இருந்துச்சு.”

அன்று இரவு நாங்கள் அனுப்பிய வீடியோவை முதல் முறையாக நாங்களே போட்டுப் பார்த்தோம். அவள் சொன்னது அத்தனையும் சரி. வீடியோ முழுக்க ஒரு இடத்தில்கூட அம்புக்குறி இல்லை.

பள்ளியில் சுட்டெழுத்து படித்திருப்பீர்கள்: அ, இ, உ. இவன், அவன், இது, அது. சுட்டிக் காட்ட ஒரு விரல் இருந்தால்தான் இந்தச் சொற்களுக்குப் பொருள் உண்டு. மவுஸுக்குத் தமிழில் ‘சுட்டி’ என்று பெயர் வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். சுட்டி இல்லாத வீடியோவில் “இதை அமுக்கு” என்று ஏழு முறை சொல்லியிருக்கிறோம்.

அம்புக்குறி எங்கே போயிற்று?

திரையைப் பதியும்போது திரையில் தெரிவது எல்லாம் பதிவாகும் என்றுதான் நாமும் நினைப்போம். ஆனால் அம்புக்குறி அந்தப் படத்தின் பகுதி அல்ல. எக்ஸ்ரே பார்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் ஃபிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டி, பேனா நுனியை ஒரு இடத்தில் வைத்து, “இங்கே பாருங்கள், விரிசல்” என்கிறார். நமக்கு ஃபிலிமும் பேனாவும் சேர்ந்தே தெரிகின்றன. ஃபிலிமை உறையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனால், பேனா டாக்டர் பாக்கெட்டிலேயே இருந்துவிடும். வீட்டில் மாமா கேட்பார்: “எங்கேம்மா விரிசல்?”

கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். திரையில் உள்ள எழுத்து, படம், பெட்டி எல்லாம் ஒரு பெரிய படமாக நினைவகத்தில் இருக்கும். அம்புக்குறியை மட்டும் கிராஃபிக்ஸ் சிப் தனியாக வைத்துக்கொள்ளும். மவுஸ் ஒரு நூலளவு நகர்ந்தாலும் முழுப் படத்தையும் மறுபடி வரைய வேண்டாம் என்பதற்காக இந்த ஏற்பாடு. இரண்டும் ஒன்றாவது மானிட்டருக்குப் போகும் கடைசி நேரத்தில்தான். பதிவுக் கருவி பெரிய படத்தை மட்டும் நகல் எடுத்தால் அம்புக்குறி அதில் இருக்காது. அம்புக்குறி எங்கே இருக்கிறது, என்ன வடிவில் இருக்கிறது என்று தனியாகக் கேட்டு வாங்கி, நகலின்மேல் ஒட்ட வேண்டும்.

இந்தக் கேட்டு வாங்கும் முறை லினக்ஸில் இரண்டு விதம். பழையது எக்ஸ் விண்டோ முறை. 1984-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தொடங்கியது. அதில் எந்தச் செயலியும் திரை முழுவதையும் நகல் எடுக்கலாம். ஆனால் அம்புக்குறி வேண்டுமென்றால் ‘எக்ஸ்ஃபிக்ஸஸ்’ என்ற துணைப் பகுதியிடம் அதன் உருவத்தையும் இடத்தையும் கேட்க வேண்டும். புதியது வேலாண்ட், 2008-ல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கியது. அதில் ஒரு செயலி இன்னொன்றின் ஜன்னலைத் தானாக எட்டிப் பார்க்க முடியாது. ‘போர்ட்டல்’ என்ற வாசலில் நின்று அனுமதி கேட்க வேண்டும். “இந்தத் திரையைப் பகிரட்டுமா?” என்று நம்மிடம் ஒரு பெட்டி வரும். அறுவைக்கு முன் நாங்கள் வாங்கும் சம்மதப் படிவம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாசலில் அம்புக்குறியை மூன்று விதமாகக் கேட்கலாம்: மறைத்துத் தா, படத்தோடு சேர்த்துத் தா, படம் தனியாகவும் அம்புக்குறியின் விவரம் தனியாகவும் தா. எதையும் கேட்காவிட்டால் மறைத்துத்தான் தரும்.

எதை அழுத்த வேண்டும்?

இனி செய்முறை. உபுண்டு 22.04 முதல் அதிலேயே ஒரு பதிவுக் கருவி இருக்கிறது. பிரிண்ட் ஸ்கிரீன் பொத்தானை அழுத்தினால் திரையின் கீழே ஒரு பட்டை வரும். அதில் கேமரா படம், வீடியோ படம் இரண்டில் வீடியோவைத் தேர்ந்தெடுங்கள். பட்டையின் வலது பக்கம் அம்புக்குறி வடிவில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். ‘ஷோ பாயிண்டர்’ என்பது அதன் பெயர். அது ஒளிர்ந்தால் வீடியோவில் அம்புக்குறி வரும், ஒளிராவிட்டால் வராது. நாங்கள் அந்தப் பொத்தானைப் பார்த்தும் அழுத்தவில்லை. அழுத்தியிருந்தால் நான்கு மாதமும் ஒரு கட்டணமும் மிச்சம்.

குரலும் சேர்த்துப் பதிய வேண்டும் என்றால் ஓ.பி.எஸ். ஸ்டுடியோ என்ற இலவச மென்பொருள் நல்லது. சபைகளின் நேரலைக்கு ஏற்கெனவே பயன்படுத்துகிறவர்கள் நம்மில் உண்டு. அதில் ‘ஸ்கிரீன் கேப்சர்’ என்ற மூலத்தைச் சேர்க்கும்போது வேலாண்டில் ‘ஷோ கர்சர்’ என்றும், எக்ஸ் முறையில் ‘கேப்சர் கர்சர்’ என்றும் ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பின் மைக்கின் அளவுக்கோடு குரலுக்கு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள்.

எளிமையாக வேண்டும் என்பவர்களுக்கு சிம்பிள்ஸ்கிரீன்ரெக்கார்டர். அதில் ‘ரெக்கார்ட் கர்சர்’ என்ற கட்டம் உண்டு. இது எக்ஸ் முறைக்காகச் செய்யப்பட்டது. வேலாண்டில் கறுப்புத் திரைதான் பதிவாகும். லினக்ஸ் மின்ட் சின்னமனில் வழக்கமாக எக்ஸ் முறையே இருப்பதால் அங்கே சிரமமில்லை. உபுண்டு 22.04, 24.04 பதிப்புகளில், கடவுச்சொல் கேட்கும் திரையின் கீழ் மூலையில் இருக்கும் பல்சக்கரத்தைத் தொட்டு ‘உபுண்டு ஆன் எக்ஸ்ஆர்க்’ என்பதைத் தேர்ந்தெடுத்து உள்ளே வரலாம். கட்டளை எழுதிப் பழகிய தம்பிகள் எஃப்எஃப்எம்பெக் வழியாகப் பதிந்தால், ‘டிரா மவுஸ்’ என்ற தெரிவில் 1 போட்டால் அம்புக்குறி வரும். 0 போட்டால் வராது.

அம்புக்குறி வந்துவிட்டது என்பதோடு வேலை முடியவில்லை. அதன்பின் நாங்கள் செய்த தவறுகளையும் சொல்லிவிடுகிறோம்.

முதலாவது, அளவு. எங்கள் லேப்டாப் திரையின் அகலம் 1920 புள்ளி. அம்புக்குறியின் வழக்கமான அளவு 24 புள்ளி. அந்த வீடியோவை ஊரில் ஒருவர் போனை நிமிர்த்திப் பிடித்துப் பார்க்கிறார். போன் திரையின் அகலம் 7 சென்டிமீட்டர் என்று வையுங்கள். கணக்குப் போட்டால் அம்புக்குறி 1 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கும். அது எள்ளைவிடச் சிறியது! அமைப்புகளில் ‘அணுகல்தன்மை’ பகுதிக்குப் போய், ‘பார்வை’ என்பதன் கீழ் கர்சர் அளவைப் பெரிதாக்குங்கள். 96 புள்ளி வரை போகலாம். அப்போது அதே போனில் மூன்றரை மில்லிமீட்டர் ஆகும். பதிந்து முடித்தபின் பழைய அளவுக்கு மாற்றிக்கொள்ளலாம். கூடவே உலாவியில் எழுத்தையும் 150 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள்.

இரண்டாவது, நுனி. அம்புக்குறியில் வேலை செய்வது அதன் நுனி மட்டும்தான். எழுத்துப் பெட்டிக்குள் போகும்போது அது செங்குத்துக் கோடாக மாறும். அப்போது வேலை செய்வது கோட்டின் நடு. பதிவுக் கருவி இதைக் கணக்கில் கொள்ளாவிட்டாலும், திரையை 125 அல்லது 150 சதவீதம் என்று பெரிதாக்கி வைத்திருந்தாலும், சில நேரம் வீடியோவில் அம்புக்குறி கொஞ்சம் தள்ளி விழும். அடுத்தடுத்த வரிகள் உள்ள பட்டியலில் கொஞ்சம் தள்ளினால் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தோம். முழு வீடியோவுக்கு முன் அரை நிமிடம் பதிந்து பாருங்கள். நான்கு மூலையிலும் ஏதாவது ஒரு பொத்தானின் ஓரத்தில் நுனியை வையுங்கள். வீடியோவிலும் அதே ஓரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் திரையை 100 சதவீதத்துக்குக் கொண்டுவந்து மறுபடி பதியுங்கள்.

மூன்றாவது, ஜன்னல். ஒரு ஜன்னலை மட்டும் பதிய வசதி உண்டு. ஆனால் அதிலிருந்து கீழே இறங்கும் பட்டியல் பல நேரம் தனி ஜன்னலாகவே கணக்கிடப்படும். வீடியோவில் வராமல் போகலாம். அம்புக்குறி வெற்றிடத்தில் நின்று எதையோ தொடுவதுபோல இருக்கும். முழுத் திரையையும் பதிவதே பத்திரம்.

நான்காவது, இரட்டை அம்பு. தொலைவிலிருக்கும் வேறு கம்ப்யூட்டரைத் திறந்து வேலை செய்வதைப் பதிந்தால், அந்த கம்ப்யூட்டரின் அம்பு ஒன்று, நம் அம்பு ஒன்று என இரண்டு தெரியலாம். பார்ப்பவர் எதை நம்புவார்? ஒன்றை மறைத்துவிடுங்கள்.

கையையும் பழக்க வேண்டும்

எல்லா டிக்கும் போட்டு இரண்டாவது வீடியோ பதிந்தோம். அம்புக்குறி தெரிந்தது, ஆனால் ஈ பறப்பதுபோலப் பறந்தது. நமக்கு இடம் தெரியும் என்பதால் கை அரை நொடியில் போய்விடுகிறது. நொடிக்கு 30 படம் என்று பதிந்தால் அந்த அரை நொடிக்கு 15 படம்தான். பார்ப்பவருடைய கண் அம்பைத் தேடிப் பிடிப்பதற்குள் அடுத்த பக்கம் வந்துவிடும்.

அப்போதுதான் அந்த ஒலிபெருக்கி அண்ணன் மும்பை ஐ.ஐ.டி.யின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ பாடங்களைப் பார்க்கச் சொன்னார். பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யாவின் முயற்சியில், மத்திய அரசின் நிதியோடு உருவான திட்டம் அது. லினக்ஸ், லிப்ரே ஆபீஸ் போன்ற இலவச மென்பொருள்களைத் திரைப் பதிவு வழியாகவே சொல்லித்தருகிறார்கள். ஒரு பாடம் ஏறக்குறைய பத்து நிமிடம். திரையில் வரும் படம் ஒன்றேதான். குரலை மட்டும் தமிழ் உட்பட பல இந்திய மொழிகளில் மாற்றியிருக்கிறார்கள். ஆசிரியர் பக்கத்தில் இல்லாத பிள்ளை, பாடத்தைக் கொஞ்சம் ஓடவிட்டு, நிறுத்தி, பக்கத்திலேயே தானும் செய்து பார்க்க வேண்டும் என்பதுதான் அவர்கள் முறை. குரல் எந்த மொழியில் இருந்தாலும், பிள்ளை பின்தொடர்ந்து போவது அந்த ஒரே அம்புக்குறியைத்தான். நாங்கள் பார்த்த பாடங்களில் அது அவசரப்படவே இல்லை. போனது, நின்றது, பெயர் சொல்லப்பட்டது, பிறகுதான் சொடுக்கு.

எங்களுக்கு இது புதிதா என்ன? ஊசி போடக் கற்றுக்கொடுக்கும்போதும், இன்சுலின் பேனாவை நோயாளி கையில் கொடுக்கும்போதும் நாங்கள் செய்வது இதுதானே. காட்டுவோம், நிறுத்துவோம், சொல்லுவோம், செய்வோம். வார்டில் பொறுமையாக இருக்கும் கை, வீட்டு மவுஸில் ஓடிவிட்டது. அதன் பிறகு எங்களுக்கு நாங்களே சில கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம்.

சொடுக்கும் முன், அந்தப் பொத்தானின் பெயரை ஒருமுறை முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை நுனி அங்கேயே நிற்க வேண்டும். “இதை”, “அதை” கூடாது. “வலது பக்கம் கீழே, பச்சை நிறத்தில் ‘சமர்ப்பி’ என்றிருக்கும் பொத்தான்” என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால், கண் மங்கலான அப்பாவுக்கும் புரியும். அம்பு எழுத்தை மறைக்கக் கூடாது; நுனி எழுத்தின் அடியில் நிற்கட்டும். வட்டமாகச் சுழற்றிச் சுழற்றிக் காட்டக் கூடாது. பேச்சு மட்டும் நடக்கும்போது அம்பு அசையாமல் இருக்க வேண்டும். அசைந்தால் பார்ப்பவர் எதையோ அழுத்தச் சொல்கிறோம் என்று நினைப்பார்.

ஒரு பழைய செய்தியும் சொல்லலாம். மவுஸை உலகுக்கு முதலில் பெரிய அளவில் காட்டியவர் டக்ளஸ் எங்கல்பார்ட். 1968 டிசம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏறக்குறைய 90 நிமிடம் செய்து காட்டினார். கம்ப்யூட்டர் இருந்ததோ தொலைவில் மென்லோ பார்க்கில். அங்கே சின்னத் திரைகளைத் தொலைக்காட்சிக் கேமராவால் படம்பிடித்து, அரங்கத்தின் பெரிய திரைக்கு அனுப்பினார்கள். கேமரா கண்ணுக்குத் தெரிவதை எல்லாம் பிடித்ததால், அவருடைய சுட்டும் புள்ளியும் கூட்டத்துக்குத் தெரிந்தது. இதில் நமக்கு ஒரு உபாயம் இருக்கிறது. எந்த மென்பொருளும் ஒத்துழைக்காத அவசரத்தில், போனை ஸ்டாண்டில் நிறுத்தி லேப்டாப் திரையையே படம்பிடித்துவிடுங்கள். அழகாக இராது, ஆனால் அம்புக்குறி நிச்சயம் வரும்.

பதியக் கூடாதவை

இதையும் சொல்லாமல் விட முடியாது. எங்கள் முதல் வீடியோவில் அம்புக்குறி வரவில்லை. எங்கள் பாஸ்போர்ட் எண் மட்டும் தெளிவாக வந்திருந்தது. பதிவதற்கு முன் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். தேவையில்லாத ஜன்னல்களை மூடுங்கள். பாஸ்போர்ட், எமிரேட்ஸ் ஐடி, வங்கி அட்டை எண் வரும் பக்கங்களில் பதிவை நிறுத்தி, தாண்டியபின் தொடருங்கள். கடவுச்சொல்லை வீடியோவில் தட்டவே தட்டாதீர்கள்.

மருத்துவமனையில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வார்டு கம்ப்யூட்டரை, நண்பிக்குச் சொல்லிக்கொடுக்கத்தானே என்றுகூடப் பதியாதீர்கள். சுகாதாரத் துறையில் தகவல் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவது பற்றிய அமீரகத்தின் 2019-ஆம் ஆண்டு 2-ஆம் எண் சட்டம், நோயாளியின் விவரங்களை இரகசியமாகக் காக்கச் சொல்கிறது. இணையக் குற்றங்கள் பற்றிய 2021-ஆம் ஆண்டு 34-ஆம் எண் சட்டம் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. பிறருடைய அந்தரங்கத்தைப் பதிவதும் பகிர்வதும் அதன்படி குற்றமாகலாம். நல்ல எண்ணத்தோடு செய்தோம் என்பது பதிலாகாது.

மறுபடி அந்தத் தங்கச்சி

மூன்றாவது வீடியோவை ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பதிந்தோம். பதினொரு நிமிடம் பத்தொன்பது நிமிடமானது. அம்பு கட்டைவிரல் நகம்போலப் பெரிதாக இருந்தது. கல்வித் தகுதிப் பட்டியல் வந்த இடத்தில் ஒருத்தி நிறுத்தி, “முதல் வரி டிப்ளமோ, அது உனக்கில்லை. அடுத்த வரி பட்டம், அதுதான் உன்னுடையது” என்று சொல்ல, நுனி அந்த வரியின் அடியிலேயே நின்றது. அனுப்பிவிட்டு இந்த முறை டியூட்டிக்குக் கிளம்பிவிடவில்லை. “புரிஞ்சுதா?” என்றும் கேட்கவில்லை. கேட்டால் எல்லாரும் “புரிஞ்சுது அக்கா” என்றுதான் சொல்வார்கள். வார்டில் நாங்கள் நோயாளியிடம், “இப்போது நீங்கள் எனக்குச் செய்து காட்டுங்கள்” என்று கேட்போம். அவளிடமும் அதையே கேட்டோம். கட்டணம் கட்டுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பினாள். ஒன்பது படம் வந்தது. ஒன்பதையும் மூன்று பேரும் பார்த்தபிறகுதான் “இப்ப கட்டு” என்றோம்.

பணத்தை நாங்கள் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவள் அம்மா வாங்கவில்லை. “நீங்க என் மகளுக்கு உதவி செய்யத்தானே வந்தீங்க” என்றார்கள். அந்த வார்த்தை எங்களுக்கு இன்னும் கனமாகத்தான் இருக்கிறது.

இப்போது அவள் இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் எங்கள் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு போனாள். அவளுடைய கல்லூரியில் படித்த இரண்டு பிள்ளைகளுக்கு அதே விண்ணப்பத்தைக் காட்டித்தர வேண்டுமாம். திருப்பிக் கொடுத்தபோது திறந்து பார்த்தோம். அம்புக்குறியின் அளவு 96-லேயே இருந்தது.

தம்பி தங்கைகளே, இந்த மாதத்துக்கு ஒரு சின்ன வேலை தருகிறோம். உங்கள் வீட்டிலோ சபையிலோ கம்ப்யூட்டரில் தடுமாறும் ஒரு பெரியவரைத் தேர்ந்தெடுங்கள். ஞாயிறு பள்ளி ஆசிரியைக்குத் தமிழில் தட்டச்சு செய்வது எப்படி, பாடல் வரிகளைத் திரையில் காட்டும் ஓப்பன்எல்பியில் புதிய பாடலைச் சேர்ப்பது எப்படி, ஊரிலுள்ள தாத்தாவுக்கு மின்கட்டணம் கட்டுவது எப்படி என்று ஏதாவது ஒன்று போதும். மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முதலில் அரை நிமிடம் சோதனைப் பதிவு. அதை உங்கள் லேப்டாப்பில் பார்க்காமல் போனில் போட்டுப் பாருங்கள். அம்புக்குறி தெரிகிறதா, நுனி சரியான இடத்தில் விழுகிறதா, போன் அளவில் எழுத்தைப் படிக்க முடிகிறதா? பிறகு முழுதாகப் பதிந்து அனுப்பி, அவர்களைச் செய்து காட்டச் சொல்லுங்கள். அவர்கள் எந்த இடத்தில் நிற்கிறார்களோ அந்த இடத்தை மட்டும் மறுபடி பதியுங்கள்.

உங்கள் அனுபவத்தை இதழின் முகவரிக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.